அவசரமாக இறங்குவது வேறு, அடிபட்டு இறங்குவது வேறு

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். அவருடைய கணவர் மூன்று வருடம் கழித்து வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவர் ஏறிய விமானம் கிளம்பி முக்கால் மணி நேரத்தில், பொதி அறையில் புகை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்ததால், திரும்பிப் போய் இறங்கிவிட்டது. இறங்கும்போது ஓடுபாதை ஓரமெல்லாம் தீயணைப்பு வாகனங்கள் நின்றனவாம். எல்லாரும் படியால் இறங்கி, அடுத்த நாள் வேறு விமானத்தில் கட்டுநாயக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் செய்தி ஊருக்குள் வருவதற்குள் "பிளேன் விழுந்து தப்பி வந்தவர்" என்று ஆகிவிட்டது. ஒருவர் எமர்ஜென்சி லாண்டிங் என்கிறார், இன்னொருவர் கிராஷ் லாண்டிங் என்கிறார். இரண்டும் ஒன்றா? மாமி இனி அவரைப் பிளேன் ஏற விடமாட்டேன் என்று அழுகிறா, அவவுக்கு என்ன சொல்வது? இதுதான் கேள்வி.

தங்கச்சி, இரண்டும் ஒன்றில்லை. நான் பதினொரு வருடம் வளைகுடா விமான நிலையம் ஒன்றின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன். இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுவதால் எத்தனை வீடுகளில் தேவையில்லாமல் அழுகை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எமர்ஜென்சி லாண்டிங், அதாவது அவசரத் தரையிறக்கம், விமானி எடுக்கும் ஒரு முடிவு. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், அல்லது வழமையான வரிசையில் காத்திருக்காமல், இப்போதே இறங்குவது நல்லது என்று அவர் தீர்மானிக்கிறார். ஏன் இறங்கினார்கள் என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. எப்படி இறங்கினார்கள் என்பதை அது சொல்வதே இல்லை. கிராஷ் லாண்டிங் என்றால் நிலத்தைத் தொட்ட விதத்திலேயே விமானம் அடிபட்டது என்று அர்த்தம்: சில்லு முறிந்தது, வயிறு தேய்ந்தது, இறக்கை பிய்ந்தது. ஒன்று ஆகாயத்தில் எடுத்த முடிவுக்குப் பெயர், மற்றது நிலத்தில் நடந்ததற்குப் பெயர். ஆகவே ஒரு விமானத்துக்கு முதலாவது மட்டும் நடக்கலாம், இரண்டாவது மட்டும் நடக்கலாம், இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். அநேகமான நேரங்களில் முதலாவது மட்டும்தான் நடக்கிறது.

எங்கள் நிலையத்தில் மணி அடித்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து முதலில் வரும் வார்த்தையைத்தான் எல்லாரும் கூர்ந்து கேட்போம். "லோக்கல் ஸ்டான்ட்பை" என்றால் வருகிற விமானத்தில் ஏதோ கோளாறு, ஆனால் இறங்குவதில் பெரிய சிக்கல் இராது. வண்டியை எடுத்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். "புல் எமர்ஜென்சி" என்றால் விபத்து நடக்கக்கூடிய அளவுக்கு ஆபத்து. வெளியிலிருந்து அம்புலன்சும் வரும். மூன்றாவது "எயார்கிராப்ட் அக்சிடென்ட்". அது நடந்து முடிந்ததற்கான அழைப்பு. முதல் இரண்டும் விமானம் ஆகாயத்தில் இருக்கும்போது வருபவை. மூன்றாவது வந்தால் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய் நுரை அடிக்கத் தொடங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. முதல் இரண்டு வகையிலும் நான் எத்தனையோ தடவை வண்டியில் போய் நின்றிருக்கிறேன். அநேகமாக ஒவ்வொரு தடவையும் விமானம் வழமை போல இறங்கும், நாங்கள் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

உங்கள் கணவர் பார்த்த வாகனங்கள் அப்படி நின்றவைதான். ஏதோ நடந்துவிட்டது என்பதற்காக நிற்கவில்லை, நடந்தால் என்று நின்றன.

அவருடைய விமானத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பொதி அறையில் புகையை உணரும் கருவிகள் இருக்கின்றன. பழம், மரக்கறி மாதிரி ஈரமான சரக்கிலிருந்து எழும் ஆவிக்குக்கூட அவை சில நேரம் சத்தம் போட்டுவிடும். ஆனால் பறக்கும்போது விமானி அந்த அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. பொய் எச்சரிக்கைதானே என்று நினைத்துப் போவதற்கு எந்த நல்ல விமானியும் துணியமாட்டார். 1998 செப்டெம்பர் 2இல் நியூயோர்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போன சுவிஸ்எயார் 111இல், விமானி அறையில் மணம் தெரிந்து சுமார் இருபது நிமிடத்தில் விமானம் கனடாவின் கடலில் விழுந்து 229 பேரும் இறந்தார்கள். நெருப்பு கொடுக்கும் நேரம் அவ்வளவுதான். அதனால்தான் விளக்கு எரிந்ததும் தீயடக்கும் வாயுவைப் பொதி அறைக்குள் திறந்துவிட்டு, கிட்டவுள்ள பொருத்தமான ஓடுபாதையைத் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் விமானி வானொலியில் இரண்டில் ஒன்றைச் சொல்வார். உயிராபத்து உடனடியாக இருக்கிறது என்றால் "மேடே" என்று மூன்று தடவை. அவசரம்தான், ஆனால் உயிராபத்து இன்னும் இல்லை என்றால் "பான் பான்" என்று மூன்று தடவை. ராடாரில் தெரியும் தன் இலக்கத்தை 7700 என்று மாற்றினால், அந்தப் பகுதியில் உள்ள எல்லாக் கட்டுப்பாட்டாளர்களின் திரையிலும் அது தனித்துத் தெரியும். மற்ற விமானங்கள் வழி விடும்.

பாரமும் ஒரு பிரச்சினை. தூரப் பயணம் போகும் போயிங் 777-300ஈஆர் 351 தொன் வரை பாரத்தோடு கிளம்பலாம். இறங்கும்போது அனுமதிக்கப்பட்ட பாரம் 251 தொன். இடையிலுள்ள நூறு தொன்னும் வழியில் எரிந்து தீரவேண்டிய எரிபொருள். கிளம்பிய கையோடு திரும்புவதென்றால் அதை ஆகாயத்திலேயே கொட்டவேண்டும், அல்லது வட்டமடித்து எரிக்கவேண்டும், அல்லது அவசரம் கூடினால் பாரத்தோடேயே இறங்கவேண்டும். ஏ320 மாதிரிச் சிறியவற்றில் கொட்டும் வசதி இல்லை. பாரத்தோடு இறங்கினால் பிரேக் சிவக்கச் சூடாகும். ரயர் வெடித்துச் சிதறாமல் இருக்க, சூட்டில் உருகிக் காற்றை மெல்ல விடும் அடைப்பான்கள் சில்லில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சில்லை நாங்கள் நெருங்கும்போது முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போவோம். பக்கவாட்டில் போகக்கூடாது, வெடித்தால் துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும். காற்றுப் போன ரயரோடு நிற்கும் விமானத்தைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, "கிராஷ்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது கிராஷ் இல்லை. அந்த ரயர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இனி உலகத்தில் நடந்தவற்றை வைத்துப் பார்ப்போம்.

2005 செப்டெம்பர் 21, லொஸ் ஏஞ்சலிஸ். ஜெட்புளூ நிறுவனத்தின் ஏ320. முன்சில்லு குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் விமானத்தைப் பற்றிய நேரடிச் செய்தியை இருக்கைத் தொலைக்காட்சியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்சில்லு தேய்ந்து, தீப்பொறி பறக்க, ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே வந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. இது சுத்தமான அவசரத் தரையிறக்கம்.

2011 நவம்பர் 1, வார்சோ. போலந்தின் லொட் விமானம், போயிங் 767, 231 பேர். சில்லு ஒன்றுகூட இறங்கவில்லை. வயிற்றாலேயே ஓடுபாதையில் சறுக்கி நின்றது. ஒருவருக்கும் பெரிய காயமில்லை, ஆனால் அந்த விமானம் அதன்பிறகு பறக்கவில்லை. இங்கே இரண்டும் சேர்ந்துவிட்டன: முடிவும் இருந்தது, சேதமும் இருந்தது. 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைட்டட் 232க்கு நடந்ததும் இதே வகைதான், ஆனால் கொடியது. வால்பக்க எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் திரவக் குழாய்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்த இரண்டு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். தொட்டதும் உடைந்து உருண்டது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அந்த விமானிகள் தோற்றார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒருவர்கூடப் பிழைக்க வழியில்லாத நிலையிலிருந்து 184 பேரைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

முடிவே எடுக்காமல் அடிபடுவதும் உண்டு. 2008 ஜனவரி 17இல் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 38, பெய்ஜிங்கிலிருந்து வந்து லண்டன் ஹீத்ரோவில் சாதாரணமாக இறங்கப் போய்க்கொண்டிருந்தது. எரிபொருளில் இருந்த நீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்ததில், கடைசிக் கட்டத்தில் இரண்டு எஞ்சினும் வேகம் எடுக்க மறுத்துவிட்டன. ஓடுபாதைக்கு முன்னாலிருந்த புல்தரையிலேயே விழுந்து சறுக்கியது. 152 பேரும் உயிர் தப்பினார்கள். அவசரத் தரையிறக்கம் என்று திட்டமிட அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இதற்குத்தான் கிராஷ் லாண்டிங் என்ற பெயர் பொருந்தும்.

2020 ஓகஸ்ட் 7இல் டுபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்த விமானத்தையும் இந்தப் பக்கத்தில்தான் வைக்கவேண்டும். மழையில் மேட்டு ஓடுபாதையைத் தாண்டி ஓடிச் சரிவில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். வழமையாக இறங்கப் போனபோது நடந்த விபத்து அது.

எங்கள் நாட்டிலும் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் இரண்டு விபத்துகள் உண்டு. 1974 டிசெம்பர் 4இல் மஸ்கெலியாவில் சப்த கன்னியர் மலையில் மோதிய மார்ட்டின்எயார் விமானத்தில் 191 பேரும் இறந்தார்கள். 1978 நவம்பர் 15இல் கட்டுநாயக்காவுக்குக் கிட்டத் தென்னந்தோட்டத்துக்குள் விழுந்த விமானத்தில் 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். இரண்டிலும் வந்தவர்கள் ஹஜ் யாத்திரிகர்கள். இரண்டுமே அவசரத் தரையிறக்கம் இல்லை. விமானி நல்ல நிலையிலிருந்த விமானத்தை, உயரம் தவறி, தெரியாமலே நிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கரையோரத்து ஆட்கள் கேட்கக்கூடியது, 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பி மன்னார்க் கடலில் 55 பேரோடு விழுந்த லயன்எயார். அது சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம். அந்தக் குடும்பங்களின் துயரத்தை இந்த இரண்டு சொல்லுக்குள்ளும் அடைக்கக்கூடாது.

இதற்கெல்லாம் நடுவே ஒரு வகை இருக்கிறது: எஞ்சின் நின்றுவிட்டது, இறங்கியே ஆகவேண்டும், ஓடுபாதை இல்லை. கட்டாயத் தரையிறக்கம் என்று சொல்லலாம். எஞ்சின் நின்றால் விமானம் கல்லு மாதிரி விழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். விழாது, மிதந்து இறங்கும். பெரிய பயணிகள் விமானம் ஒரு கிலோமீற்றர் உயரத்தைக் கொடுத்து ஏறக்குறைய பதினேழு கிலோமீற்றர் முன்னால் போகும். 1983 ஜூலை 23இல் கனடாவில் ஒரு போயிங் 767க்கு எரிபொருளைக் கிலோவில் கணக்கிடாமல் இறாத்தலில் கணக்கிட்டுவிட்டார்கள். 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்தது. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதையில், எஞ்சின் சத்தமே இல்லாமல் வந்து இறங்கினார்கள். முன்சில்லு மடங்கி மூக்குத் தேய்ந்தது. 69 பேரும் தப்பினார்கள். அந்த விமானத்தைத் திருத்தி 2008 வரை ஓட்டினார்கள்.

இதை எங்கள் மண்ணில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் போகும் ஒரு சிறிய செஸ்னா 172, மாங்குளம் தாண்டி 3,000 அடியில் போகிறது என்று வையுங்கள். எஞ்சின் நிற்கிறது. விமானிக்குக் கையில் இருப்பது சுமார் நாலு நிமிடமும் எட்டுக் கிலோமீற்றரும். இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறது. அது எட்டினால் அங்கேதான் போவார், அவசரத் தரையிறக்கத்தோடு விஷயம் முடிந்துவிடும். எட்டாவிட்டால்?

ஏ9 வீதி மேலிருந்து பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், நேராக, கறுப்பாக. ஆனால் ஓரத்தில் மின்கம்பங்கள், வீதியில் பஸ், மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். நல்ல விமானி அதைக் கடைசியாகத்தான் நினைப்பார். இரணைமடுக் குளம் பெரியது, ஆனால் சில்லு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விமானம் தண்ணீரைத் தொட்டதும் மூக்குக் குத்திக் கவிழப் பார்க்கும். 2009 ஜனவரி 15இல் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு இறங்கியவர்கள் சில்லை உள்ளே வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் போய், மூன்றரை நிமிடத்தில் எடுத்த முடிவு அது.

மிச்சம் வயல். வயலென்றால் எந்த மாதத்து வயல் என்பதுதான் கேள்வி. மார்கழியில் காலபோக நெல் தண்ணீரில் நிற்கும். சில்லு சேற்றில் புதைந்து, விமானம் தலைகீழாகும். பங்குனியில் அறுத்து முடிந்த காய்ந்த தாள் வயல் என்றால் கடவுள் கொடுத்த ஓடுபாதை. அதிலும் வரம்பு இருக்கிறது. குறுக்கே போனால் முதல் வரம்பே முன்சில்லைப் பிடுங்கிவிடும், ஆகவே வரம்போடு ஒத்து, நீளப்பாட்டுக்கு இறங்கவேண்டும். மாடு மேயும் தரவை கிடைத்தால் அதைவிட நல்லது.

காற்றும் சும்மா விடாது. சோளகம் வீசும் ஆடி மாதத்தில் தென்மேற்கைப் பார்த்து இறங்கவேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் தொடும் விமானம், 25 கிலோமீற்றர் காற்றை எதிர்த்து இறங்கினால் நிலத்தில் அதன் வேகம் 75. காற்று முதுகில் தள்ள இறங்கினால் 125. வித்தியாசம் ஐம்பதுதானே என்று தோன்றும். ஆனால் அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது, வயலில் எரியும் வைக்கோலின் புகை எங்கே போகிறது என்று பார்த்து இதை முடிவெடுக்க அவருக்கு இருப்பது அந்த நாலு நிமிடம்தான்.

வேறு வழியில்லாமல் மரங்களுக்குள்தான் போகவேண்டும் என்றால்? இரண்டு மரத்துக்கு நடுவே உடலை விட்டு, இறக்கைகளை அடிபட விடச் சொல்லித்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இறக்கை முறிய முறிய வேகம் குறையும். 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சிறு விமானம் ஒன்பது, பத்து அடித் தூரத்துக்குள் சீராக நின்றாலே போதும், ஆசனப்பட்டி கட்டிய உடம்பு தாங்கும். விமானத்தைக் கொடுத்து ஆட்களைக் காப்பாற்றும் கணக்கு இது. இப்படி இறங்கியதைக் கிராஷ் லாண்டிங் என்று எழுதுவார்கள், எழுதட்டும். அதற்குள் எவ்வளவு திட்டம் இருந்தது என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

விபத்தை விசாரிப்பவர்கள் இந்த இரண்டு சொல்லையும் வைத்துப் பதிவு செய்வதில்லை. யாராவது இறந்தார்களா, கடும் காயமா, விமானத்தின் கட்டமைப்புக்குப் பெரிய சேதமா என்று பார்த்து, இருந்தால் விபத்து, இல்லாவிட்டால் சம்பவம் என்று எழுதுவார்கள். உங்கள் கணவருக்கு நடந்தது, நீங்கள் சொன்னபடி பார்த்தால், சம்பவம். படியால் இறங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுவே பெரிய ஆறுதல். நெருப்பு என்று சந்தேகம் மிச்சம் இருந்திருந்தால் காற்று நிரப்பிய சறுக்கிகளைத் திறந்து, கதவால் குதிக்கச் சொல்லியிருப்பார்கள்.

மாமியிடம் இதைச் சொல்லுங்கள்: விளக்கு எரிந்ததும் திரும்பிய விமானிதான் அவவின் மகனைக் கொண்டுவந்து சேர்த்தவர். திரும்பாமல் போயிருந்தால்தான் பயப்படவேண்டும்.

அவரிடமும் சில விஷயம் சொல்லுங்கள். 44 பேருக்கு மேல் ஏறும் எந்த விமானமும், பாதிக் கதவுகளை மூடிவைத்தும், 90 செக்கனில் எல்லாரும் வெளியேறக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது விதி. யாராவது மேலே இருக்கும் பையை இழுக்கத் தொடங்கினால் அந்தக் கணக்கு பிழையாகிவிடும். பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான் அதில் இருந்தாலும் விட்டுவிட்டு வரவேண்டும். தண்ணீரில் இறங்கினால் மிதவை அங்கியை வெளியே வந்த பிறகுதான் ஊதவேண்டும். 1996 நவம்பர் 23இல் கொமொரோஸ் தீவுக் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் உள்ளேயே ஊதியவர்கள் பலர், தண்ணீர் ஏற ஏறக் கூரையோடு மிதந்து, கதவுக்குக் குனிய முடியாமல் இறந்தார்கள். அடுத்த முறை ஏறி இருந்ததும், தன் இருக்கையிலிருந்து முன்கதவுக்கும் பின்கதவுக்கும் எத்தனை வரிசை என்று கையால் தொட்டு எண்ணி வைத்துக்கொள்ளட்டும். புகை வந்தால் கண் தெரியாது, விரல்கள்தான் வழி காட்டும்.